பன்னிரண்டு பேரும் சேர்ந்து எண்ணிய மத்தியானம்

1

போன வாரம் எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்த ஐந்து தாதியருக்கு முன்னால் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். தலைப்பு 'வேலையிடத்தில் நேர்மறை மனப்பான்மை'. அதை மலாயில் பெரிய எழுத்தில் திரையில் போட்டு, பக்கத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு முகத்தையும் வைத்திருந்தார்கள். நான் பேசியது மூன்று நிமிடம்தான். சிரித்த முகத்தோடு இருங்கள், நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வீட்டுக் கவலையை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்றேன். ஐந்து பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒரு பெண் கொட்டாவியை மென்று விழுங்கியதைப் பார்த்தேன். அவள்மேல் தப்பில்லை.

உட்கார்ந்த பிறகுதான், சொல்ல வேண்டிய ஒன்றே ஒன்றை விட்டுவிட்டேன் என்று உறைத்தது. என் மலாய் அவ்வளவு தூரம் போகாது என்பது ஒரு காரணம். அதை வாய்விட்டுச் சொன்னால் நடுவில் குரல் உடைந்துவிடும் என்பது இன்னொன்று. அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் விருதுநகர்க்காரி. மதுரையில் நர்சிங் படித்து, அங்கேயே ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். மலேசியாவில், பேராக் மாநிலத்து ஈப்போவைச் சேர்ந்த கணேசனைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருடம் ஆகிறது. அவர் ஜெலாப்பாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நான் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தாதி. சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார்கள். அவர்களுடைய ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே போகும். ஒருமுறை ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க வர வேண்டும். லீவு கிடையாது. தீபாவளி அன்றும் வருவார்கள்.

2

'தாதி' என்ற சொல்லை முதலில் ஒரு விண்ணப்பத்தில் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. நம் பக்கம் பழைய கதைகளில் ராணிக்குச் சாமரம் வீசுகிறவள்தானே தாதி? இங்கே பேப்பரிலும் வானொலியிலும் நர்ஸ் என்றால் தாதிதான். ஆளை நேரே கூப்பிடும்போது 'மிஸ்ஸி'. மதுரையில் நான் சிஸ்டராக இருந்தேன், இங்கே மிஸ்ஸி ஆனேன். காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்பார்கள். சாப்பிட்டாயா என்பதற்கு இவ்வளவு அழகான சொல்லை நாம் ஏன் புழக்கத்தில் விட்டோம் என்று இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறேன்.

ஆனால் முதல் ஐந்தரை வருடம் நான் மிஸ்ஸியும் இல்லை. என் பட்டச் சான்றிதழில் 'ஆ. ஜெயந்தி'. கடவுச்சீட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்தில், என் பெயர் இன்னொரு கட்டத்தில். இங்குள்ள வழக்கப்படி 'ஜெயந்தி, ஆறுமுகத்தின் மகள்'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க, தாதியரைப் பதிவு செய்யும் இங்குள்ள வாரியம் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் கேட்டது. கல்லூரி அனுப்பிய கடிதத்தில் என் பெயரில் ஒரு எழுத்து கூடிப்போய், நான்காவதாக ஒரு ஜெயந்தி பிறந்தாள். மறுபடி கடிதம், மறுபடி முத்திரை. நடுவில் வருடா வருடம் விசா புதுப்பிக்க இமிகிரேசன் அலுவலகத்தில் கணேசன் என் பக்கத்தில் நின்று, இவள் இன்னும் என் மனைவிதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். எண் வரும்வரை இரண்டு பேரும் நாற்காலியில் பள்ளிப் பிள்ளைகள் போல உட்கார்ந்திருப்போம்.

தாதியாகப் பதிவு கிடைப்பதற்கு முன், மூன்றாவது வருடத்தில் இதே மையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். நோயாளிகளை எடை பார்த்துக் குறிப்பது, நாற்காலி துடைப்பது, உப்புநீர்ப் பெட்டிகளைச் சுமப்பது, மைலோ என்ற சாக்லேட் பானம் கலக்குவது. மதுரையில் செயற்கைச் சுவாசக் கருவி பார்த்துக்கொண்ட கை இது. இங்கே ஒரு ஊசியைத் தொட அனுமதி இல்லை. எழுதிக் குறிக்கிற வேலையிலும் சொதப்பினேன். மக்சிக் ரொஹானி என்று ஒரு மலாய் அம்மா; வயதான பெண்களை இங்கே மக்சிக் என்பார்கள். ஒருநாள் அவரிடம் கேள்வித்தாளை நிரப்பும்போது, தினமும் இரண்டு கிளாஸ் 'சூசூ' என்றார். நம் வீட்டுக் குழந்தைகள் சொல்லும் சூசூ என்று நினைத்து, சிறுநீர் அளவு இரண்டு கிளாஸ் என்று எழுதிவிட்டேன். ஒன்பது வருடமாகச் சிறுநீரே வராதவருக்கு எப்படி என்று மருத்துவர் அசந்துபோனார். மலாயில் சூசூ என்றால் பால். மக்சிக் மூன்று நாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3

அப்போது மையத்தின் பொறுப்புத் தாதி பரமேஸ்வரி. எல்லாருக்கும் பரமேசு. என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் செம்பனை என்ற எண்ணெய்ப் பனைக்கு மாறி ஆட்களை வெளியேற்றியபோது, குடும்பம் ஈப்போவில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததாம். குட்டையான உருவம், பெரிய குரல். காலை ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறக்கும்போதே பாடிக்கொண்டு வருவாள். "என் ராஜாக்களே, ராணிகளே, எல்லாரும் தண்ணி திருட்டுத்தனமா குடிச்சீங்களா?" என்று தராசுப் பக்கம் நின்று அதட்டுவாள். அவர்களுக்குத் தண்ணீர்கூட அளந்துதான்; கூடக் குடித்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இவ்வளவு நோய்க்கு நடுவில் இவ்வளவு சிரிப்பு எதற்கு? ஒன்று இவளுக்கு எதுவும் உறைக்கவில்லை, இல்லையென்றால் நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அதிலும் எனக்கு எரிச்சலான ஒன்று, மாதத்துக்கு ஒருமுறை அவள் நடத்தும் 'ஐஸ் கச்சாங் நாள்'. ஐஸ் கச்சாங் இங்குள்ளவர்கள் உயிரை விடும் ஒரு பண்டம். பழைய கடைகளில் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பனிக்கட்டியைத் துருவி, மேலே சிவப்புச் சாறு ஊற்றிக் கொடுப்பார்கள். எங்கள் ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு சின்னக் கைப்பிடி உண்டு. மின்சாரம் போனால் அதைப் பம்பில் பொருத்திக் கையால் சுற்றி ரத்தத்தை ஓட்டலாம். பரமேசு அதைத் தாதியருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்தவில்லை. சிகிச்சை தொடங்கும் முன் வெறும் இயந்திரத்தில் ஒவ்வொரு நோயாளியையும் ஊசி போடாத கையால் சுற்றச் சொல்வாள். கூட வந்திருக்கும் மனைவி, மகனையும் விடமாட்டாள். "சாத்து, டுவா, தீகா" என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும்.

இதில் சூரர் எங்கள் சீன நோயாளி அங்கிள் லியோங். வாலிபத்தில் நிஜமாகவே ஐஸ் கச்சாங் கடை வைத்திருந்தவர். சர்க்கரை வியாதியில் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் கைப்பிடியைப் பிடித்தால் மணிக்கூண்டுக் கடிகாரம் மாதிரி ஒரே சீராகச் சுற்றுவார். "மிஸ்ஸி, சிவப்புச் சாறு எங்க?" என்று மலாயில் கேட்பார். மையமே சிரிக்கும். மூலையில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலி துடைப்பேன்.

4

நான் மையத்தில் சேர்ந்து இரண்டரை வருடம் ஆகியிருந்த ஒரு திங்கட்கிழமை. வாரியத்திலிருந்து என் விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. காலையில் வந்ததும் பரமேசுவிடம், "மாசக் கடைசியோட நான் நின்னுக்கறேன்" என்றேன்.

அவள் பாட்டை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா? ஊருக்கே போறீங்களா?"

"தெரியல. இங்க என்னால முடியல."

"சரிக்கா. மாசக் கடைசி வரைக்கும் யோசிச்சுப் பாருங்க. நான் இப்ப எங்கயும் எழுதல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

மத்தியானப் பிரிவில் பன்னிரண்டு பேர். பரமேசுவோடு சேர்த்து நான்கு தாதியர், உதவிக்கு நான். மூன்று மணி வாக்கில் வானம் கறுத்தது. ஈப்போவின் மழை உங்களுக்குத் தெரியாது. சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றாக மறையும், பிறகு தகரக் கூரையில் கல்லைக் கொட்டியது போலச் சத்தம் வரும். ஒரு இடி விழுந்தது. விளக்கு, குளிர்சாதனம், தொலைக்காட்சி எல்லாம் ஒன்றாக நின்றன. பன்னிரண்டு இயந்திரங்களும் ஒரே சமயத்தில் அலறின.

பத்து வினாடியில் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் மனதுக்குள் எண்ணினேன். இருபது வந்தது. முப்பது வந்தது. பின்பக்கம் ஓடிய காவலாளி நனைந்து திரும்பி வந்து கையை விரித்தார்.

புது இயந்திரங்கள் ஏழும் உள்ளிருக்கும் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும். பழையவை ஐந்து செத்துப்போயின. ஒவ்வொருவருடைய குழாயிலும் ஒரு டம்ளருக்கு மேல் ரத்தம் வெளியே நிற்கிறது. ஓட்டம் நின்றால் சில நிமிடங்களில் அது உறைந்துவிடும், திருப்பி உள்ளே அனுப்ப முடியாது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்புகள். நின்ற இடத்திலேயே நின்றேன். ஆறு வருடம் தீவிர சிகிச்சையில் இருந்தவள் நான்.

இருட்டில் பரமேசுவின் குரல் கேட்டது. சிரிப்போடு கேட்டது.

"அலமாக்! இன்னிக்கு நிஜமாவே ஐஸ் கச்சாங் நாள் லா! பழைய மெசின் ஆளுங்க, கைப்பிடிய எடுங்க. அங்கிள் லியோங், நீங்கதான் எண்ணணும். சத்தமா!"

அங்கிள் லியோங்குக்கு வெளிச்சமும் இருட்டும் ஒன்றுதான். தடவிக் கைப்பிடியைப் பொருத்தி, தன் ரத்தத்தைத் தானே சுற்ற ஆரம்பித்திருந்தார். "சாத்து... டுவா... தீகா..." பக்கத்து நாற்காலியில் மக்சிக் ரொஹானி அதே தாளத்துக்குச் சுற்றினார். எதிரே ஒரு நோயாளிக்கு அவர் மனைவி. அதற்கடுத்து இன்னொருவர், பல்லைக் கடித்துக்கொண்டு தானே.

"ஜெயந்திக்கா! முனியாண்டி அண்ணேகிட்ட போங்க!"

முனியாண்டி அண்ணனுக்கு ஊசி வலது கையில். இடது கை, ஒரு பக்கவாதத்துக்குப் பிறகு வலுவில்லாதது. அவருக்கு அன்றைக்குச் சொந்தக்காரர் யாரும் கூட இல்லை. நான் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். பயத்தில் கடகடவென்று சுற்றினேன்.

"மெதுவா மிஸ்ஸி" என்றார் அவர். பழைய லாரி டிரைவர், குரல் எப்போதும் கரகரவென்று இருக்கும். "மாவு அரைக்கிறீங்களா? அவரு எண்ணுறதக் கேட்டுச் சுத்துங்க."

அவர் என்னை மிஸ்ஸி என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. எண்ணிக்கையைக் கேட்டேன். சாத்து, டுவா, தீகா. என் கை அதற்குப் பழகியது. இடது கையால் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தேன். ரத்தம் சூடாக இருந்தது. ஒரு மனிதனுடைய ரத்தம் என் கைச் சுற்றுக்கு ஏற்ப நகர்வதை விரல் நுனியில் உணர்ந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ நாடி பிடித்திருக்கிறேன். இது வேறு. இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு வேலையாள் மாதிரி நான் நின்றுகொண்டிருந்தேன்.

தாதியர் நால்வரும் கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொருவராக உப்புநீர் விட்டு ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம். கால் மணி நேரத்தில் பேட்டரிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. அணைய அணைய, அந்த நாற்காலியில் இருந்தவர் கைப்பிடியை எடுத்தார். யாரும் சொல்லவில்லை, யாரும் கத்தவில்லை. முடிந்தவர்களும் எழுந்து போகவில்லை. ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, மற்றவர்களுக்காக எண்ணினார்கள். கூரையில் மழை, உள்ளே பன்னிரண்டு தொண்டைகள். சீனர், மலாய்க்காரர், தமிழர், எல்லாம் ஒரே எண்ணிக்கையில். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோவிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

அப்போதுதான் முனியாண்டி அண்ணனின் குழாயில், அவர் கையை நோக்கி ஒரு காற்றுக் குமிழி ஓடுவதைப் பார்த்தேன். உள்ளே போனால் ஆளையே கொன்றுவிடும். சுற்றுவதை நிறுத்திக் குழாயை மடித்து நசுக்கிப் பிடித்தேன். "பரமேசு! காத்து!" என்று கத்தினேன்.

அவள் மூன்று எட்டில் வந்தாள். "புடிச்சிட்டீங்களா? சூப்பர் லா அக்கா. விட்றாதீங்க." இடுக்கி போட்டாள், ஊசிக்குழலால் காற்றை உறிஞ்சி எடுத்தாள், இரண்டு முறை வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். "அண்ணே, இந்தியா மிஸ்ஸி உங்கள வைகுண்டத்துக்கு வுட மாட்டேங்குது, பாத்தீங்களா?"

"நான் அங்க பதிஞ்சே வைக்கல" என்றார் அவர்.

ஏறக்குறைய முப்பது நிமிடத்தில் பன்னிரண்டு பேருடைய ரத்தமும் அவரவர் உடம்புக்குத் திரும்பியிருந்தது. ஒருவருக்கும் உறையவில்லை. அதற்கும் அரை மணி கழித்துத்தான் விளக்கு வந்தது.

5

எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு பரமேசுவைக் காணவில்லை. பொருளறையில் இருந்தாள். உப்புநீர்ப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். பற்கள் தட்டும் சத்தம் கேட்டது. மைலோ கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நானே குடிக்க வைத்தேன்.

"டாக்டரக் கூப்பிடவா?"

"வேணாம்க்கா. இப்ப பயப்படறேன், அவ்வளவுதான். அப்பப் பயப்பட டைம் இல்ல. இப்ப இருக்கு."

பாதி மைலோ போனதும் அவளே பேசினாள். "எனக்கு அந்த ஜெனரேட்டர் மேல என்னிக்குமே நம்பிக்கை இல்லக்கா. எதுமேலயுமே இல்ல. டெய்லி படுக்கப் போகும்போது, நாளைக்கு என்னென்ன கெட்டுப் போகும்னு ஒரு லிஸ்ட் ஓடும் மண்டையில. என் வீட்டுக்காரரு என்னை அபசகுனம்னு கிண்டல் பண்ணுவாரு."

"நீயா? நீதான் எப்பவும் பாடிக்கிட்டு..."

"பின்ன? கரண்டு போனா செத்துருவீங்கன்னு சொல்லிக் கைப்பிடியக் குடுத்தா யாரு தொடுவா? பயந்துருவாங்க. பயந்தா கை ஓடாது. ஐஸ் கச்சாங்னு சொன்னா சுத்துவாங்க." சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் சிரிக்கிறது எனக்கு இல்லக்கா. அது வேலை சாமான். கையுறை மாதிரி."

இரண்டரை வருடமாக இந்தப் பெண்ணை மேலோட்டமானவள் என்று நினைத்திருந்தேன். எல்லாத் துன்பத்தையும் முன்கூட்டியே யோசித்துப் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்பாடும் செய்துவிட்டு, அதன் பிறகு பாடிக்கொண்டே கதவைத் திறந்திருக்கிறாள். இவ்வளவு பெரிய ஆளை நான் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் விருதுநகரில் இருக்கும் என் அண்ணனுக்கு வீடியோவில் நடந்ததைச் சொன்னேன். அப்போது என் மகள் தர்ஷினிக்கு நான்கு வயது. நடுவில் புகுந்து, "மாமா, அம்மா பிளட் பூசிங் பண்ணிச்சு லா" என்றாள். பூசிங் என்றால் சுற்றுவது. "என்னம்மா சொல்றா?" என்று அண்ணன் என்னைத்தான் கேட்டான். இன்றைக்கு அவளுக்கு இன்னும் ஒரு முழம் மொழி விலகிவிட்டது. நான் பேசுவது 'டிவி தமிழ்' என்கிறாள். மாமாவிடம் பேசக் கூப்பிட்டால் "ஹலோ மாமா, பசியாறிட்டீங்களா, ஓகே பாய்" என்று ஓடிவிடுகிறாள். வருத்தம்தான். ஆனால் அன்று அவள் சொன்ன வாக்கியத்தைத் தமிழில் இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

6

புதன்கிழமை அதே பன்னிரண்டு பேருக்கும் மறுபடி முறை. ஜெனரேட்டரைப் பழுது பார்த்திருந்தார்கள். ஆனாலும் செவ்வாய் முழுக்க எனக்கு ஒரே யோசனை. என் ரத்தம் இருட்டில் ஒரு குழாயில் நின்றிருந்தால், மறுபடி அதே நாற்காலியில் போய்ச் சாய்வேனா?

பதினொன்றரைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அரை மணி முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார்கள். ஒன்பது, பத்து என்று எண்ணினேன். பதினொன்றாவதாக அங்கிள் லியோங், மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு. தலையில் எண்ணெய் தடவி வகிடெடுத்துச் சீவியிருந்தார். முனியாண்டி அண்ணன் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில், தன் இடது கையால் மெல்ல மெல்லக் கதவைத் தள்ளித் திறக்கப் பார்த்தார். மற்றவர்கள் அவருக்காகக் காத்து நின்றார்கள்.

கடைசியாக ஒரு வாடகைக் காரிலிருந்து மக்சிக் ரொஹானி இறங்கினார். ஊதா நிறத்தில் பாஜு கூரோங் என்ற மலாய் உடை, அதே நிறத்தில் தலைத்துணி. உதட்டில் சிவப்புச் சாயம். தராசின்மேல் ஏறி நின்று, எடையைக் குறிக்க வந்த என்னைப் பார்த்து, எப்படி இருக்கிறேன் என்பதுபோல ஒரு தரம் முகத்தைத் திருப்பிக் காட்டினார்.

அவர்களுக்கு வேறு வழியில்லை, வராவிட்டால் உயிர் போய்விடும், அதனால் வந்தார்கள் என்று யாரும் சொல்லலாம். வந்ததற்கு அது காரணம்தான். உதட்டுச் சாயத்துக்கு என்ன கட்டாயம்?

அவருடைய எடையைக் குறித்துவிட்டு, பரமேசுவிடம் போய், அடுத்த மாத வேலை அட்டவணையில் என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.